ஓக்லந்து மலைச்சரிவில் ஒரு தளர்ந்த ஃபிளிப்பர்

ஓக்லந்து நகரிலிருந்து அலமீடா தீவுக்குப் போகும் 51ஏ பேருந்து, கழிமுகக் கால்வாய்க்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையில் இறங்கி ஏறுகிறது. போவதற்கு 1963இல் திறந்த வெப்ஸ்டர் டியூப், திரும்பி வருவதற்கு 1928இலேயே திறந்துவிட்ட போசி டியூப். சில நிமிடப் பயணம்தான். ஆனால் பின்பால் ஆட்டக்காரர்களுக்கு இந்த இரண்டு கரைகளும் பல ஆண்டுகள் இரண்டு உலகங்களாக இருந்தன. 1930களில் ஓக்லந்து நகரசபை பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தது. அந்தத் தடை 2014 வரை சட்டப் புத்தகத்தில் நீடித்தது. அதன் கடைசி ஆண்டுகளில் சுரங்கத்தின் மறுமுனையில், வெப்ஸ்டர் தெருவில், பின்பாலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடந்துகொண்டிருந்தது.

கடைகளும் உணவகங்களும் வரிசை கட்டிய தெரு அது. அதன் கடற்கரை முனையில் 1917 முதல் 1939 வரை நெப்டியூன் பீச் என்ற பெரிய கேளிக்கைப் பூங்கா இருந்தது. அந்தப் பூங்காவின் சுவடு இன்று தெருவில் அதிகம் இல்லை. நாணயம் போட்டு விளையாடும் பழைய ஆசையை இந்தத் தெருவுக்கு மீண்டும் கொண்டுவந்தது பசிபிக் பின்பால் மியூசியம். மைக்கேல் ஷீஸ் என்பவர் 2002இல் 'லக்கி ஜூஜூ' என்ற பெயரில் ஒரு சிறிய அறையில் தொடங்கி, படிப்படியாக வளர்த்த இடம். நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டால் அப்புறம் எந்த இயந்திரத்திலும் காசு போட வேண்டாம். பழையவற்றிலிருந்து புதியவை வரை காலவரிசையில் ஆடிக்கொண்டே போகலாம்.

அப்படி ஆடிப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. பலகையில் ஆணிகளை அடித்து, சரிவில் கோலிக்குண்டை உருட்டி, குழிகளில் விழவைக்கும் பேகடெல் பலகை நம் ஊர்ப் பொம்மைக் கடைகளிலும் ஒரு காலத்தில் கிடைத்தது. பின்பாலின் மூதாதை அதுதான். சின்சினாட்டியைச் சேர்ந்த மான்டேகு ரெட்கிரேவ் 1871இல் அதில் ஸ்பிரிங் வைத்த தள்ளுகோலைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். 1931இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் 'பேஃபிள் பால்' என்ற மேசை மேல் பெட்டியைக் கொண்டுவந்தது. பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய ஆண்டுகளில் ஒரு சென்ட்டுக்குப் பல பந்துகள் கிடைத்த பொழுதுபோக்கு என்பதால் அது காட்டுத்தீயாகப் பரவியது.

அந்தப் பெட்டிகளில் எதிலுமே ஃபிளிப்பர் கிடையாது. பந்தை மேலே அனுப்பியதோடு ஆடுபவரின் வேலை முடிந்தது. மிஞ்சிப்போனால் பெட்டியை இடுப்பால் இடித்துப் பார்க்கலாம். பந்து எங்கே போகும் என்பது ஆணிகளின் கையில். பரிசாகக் காசு கொடுக்கும் இயந்திரங்களும் வந்து சேர்ந்ததால், நகரங்கள் இதைச் சூதாட்டம் என்று சொன்னபோது மறுக்க அதிகம் இருக்கவில்லை. நியூயார்க்கில் மேயர் லகார்டியாவின் ஆட்சியில் 1942இல் தடை வந்தது. போலீசார் இயந்திரங்களைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் உடைத்தார்கள்.

1947இன் பிற்பகுதியில் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்டி டம்டி' வந்தது. அதில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சின்னத் துடுப்புகள். பெட்டியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை பந்தைத் தட்டும். ஆறு ஏன் என்ற கேள்விக்கான விடையில்தான் இந்தப் பயணத்தின் மையமே இருக்கிறது. அந்தத் துடுப்புகளுக்கு வலு போதவில்லை. கீழே உள்ளது நடுவே உள்ளதற்கும், நடுவே உள்ளது மேலே உள்ளதற்குமாகக் கை மாற்றித்தான் பந்தை உச்சிக்கு ஏற்ற முடிந்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு சிகாகோ நிறுவனமான ஜென்கோவில் ஸ்டீவ் கோர்டெக் அந்தக் குறையைத் தீர்த்தார். 1937இல் மழைக்கு ஒதுங்கி ஜென்கோ கட்டடத்துக்குள் நுழைந்தவர் அவர். வேலை வேண்டுமா என்று கேட்டார்கள், சேர்ந்துவிட்டார். 1948இல் அவர் வடிவமைத்த 'டிரிபிள் ஆக்‌ஷன்' இயந்திரத்தில் நேர்மின்சாரத்தைக் கொடுத்து ஃபிளிப்பருக்கு வலுவேற்றினார். வலுவேறியதும் பலகையின் அடியில் இரண்டே இரண்டு ஃபிளிப்பர் போதும் என்றாகிவிட்டது. இன்று வரை பின்பால் என்றால் கண்முன் வருவது அந்த அமைப்புதான். கோர்டெக் 2012இல் நூறு வயதில் மறையும் வரை அந்தத் தொழிலின் மூத்த மனிதராகப் போற்றப்பட்டார்.

சட்டம் மனம் மாற இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பின்பாலில் அதிர்ஷ்டத்தைவிடத் திறமைக்கே கூடுதல் பங்கு என்று லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1976இல் நியூயார்க் நகரசபைக் குழுவின் முன்னால் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் ஒரு காட்லீப் இயந்திரத்தில் ஆடிக்காட்டி, பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். சொன்னபடியே இறங்கியது. தடை நீங்கியது.

திறமைக்கு இடம் கொடுத்தது ஃபிளிப்பர். ஒரு ஃபிளிப்பர் தளரும்போது ஆடுபவர் இழப்பது வேகத்தை மட்டுமா? குறி பார்க்கும் உரிமையே போய்விடுகிறது. பந்து எங்கே போக வேண்டும் என்று அவர் நினைத்தாலும் அது பாதி தூரத்திலேயே சோர்ந்து திரும்பும். ஆட்டம் 1947க்கு முந்தைய காலத்துக்கு நழுவிவிடுகிறது. பழைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்கள் வேறெந்தக் கோளாறையும்விட இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான். மதிப்பெண் சக்கரம் ஒன்று சுழலாவிட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும் ஆடலாம். தளர்ந்த ஃபிளிப்பரோடு ஆட முடியாது.

அருங்காட்சியகம் உருவாக்கிய காட்சிப்பொருள்களில் ஒன்று, மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக்கில் கட்டிய பின்பால். உள்ளுறுப்பு முழுவதும் வெளியே தெரியும். இந்த வகையில் மின்னணுப் பலகை எதுவும் இல்லை. ரிலேக்கள், படிப்படியாக நகரும் சுழல் சுவிட்சுகள், துணி உறை போட்ட கம்பிக் கற்றைகள், இவைதான் இயந்திரத்தின் நினைவும் அறிவும். 1970களின் பிற்பகுதி வரை எல்லாப் பின்பாலும் இப்படித்தான் ஓடியது. சாதாரண இயந்திரத்தில் பலகைக்கு அடியில் மறைந்திருக்கும் ஃபிளிப்பரின் வேலையை இங்கே நின்றபடியே பார்க்கலாம்.

பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் செப்புக் கம்பி சுற்றிய காயில் காந்தமாகி, நடுவிலுள்ள இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. அந்தத் தண்டுக்குப் பிளஞ்சர் என்று பெயர். பிளஞ்சரோடு இணைந்த சிறு லிங்க் ஒரு அச்சைத் திருப்ப, அச்சின் மறுமுனையில் பலகைக்கு மேலே மூன்றங்குலத் துடுப்பு வீசி எழுகிறது. எதிரே வருவது சுமார் 80 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுப் பந்து.

காயிலுக்குள் உண்மையில் இரண்டு சுற்றுகள். தடிமனான கம்பியில் சுற்றிய வலுச்சுற்றின் மின்தடை சில ஓம் மட்டுமே. அடி கொடுப்பது அது. ஆனால் அது தொடர்ந்து மின்சாரம் குடித்தால் நொடிகளில் சூடேறிக் கருகிவிடும். ஆடுபவரோ பந்தை அணைத்து நிறுத்தப் பொத்தானை அழுத்தியபடியே வைத்திருப்பார். அதற்காக மெல்லிய கம்பியில் பல சுற்று சுற்றிய இன்னொரு சுற்று உண்டு. ஃபிளிப்பரைத் தூக்கிய நிலையில் தாங்குவதற்கு அந்தச் சிறு மின்சாரம் போதும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காவலாளி இருக்கிறது. ஃபிளிப்பர் எழும்பி முடியும் இடத்தில் பொருத்திய ஒரு இலைச் சுவிட்ச். ஃபிளிப்பர் கீழே இருக்கும்போது அதன் பாயிண்டுகள் ஒட்டியிருக்கும். மின்சாரம் மெல்லிய சுற்றைத் தவிர்த்துவிட்டு வலுச்சுற்றுக்கு மட்டும் போகும். வீச்சின் கடைசியில் அந்தச் சுவிட்சை ஃபிளிப்பரே தள்ளித் திறக்கிறது. அதன்பின் இரண்டு சுற்றுகளும் தொடராகி, மின்சாரம் சட்டென்று குறைகிறது. தொழிலில் இதை ஈஓஎஸ் என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். இயந்திரம் முழுவதிலும் இதைவிடக் கடுமையாக உழைக்கும் சுவிட்ச் வேறில்லை.

அருங்காட்சியகத்தின் தெளிந்த பெட்டியில் பார்த்ததைக் கையில் தொட்டுப் பார்க்க, ஓக்லந்தின் மலைச்சரிவில் ஒரு வீட்டுக் கார் கொட்டகை. உரிமையாளர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய தொலைபேசி நிலையங்களும் பழைய பின்பால்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ரிலே, படிச் சுவிட்ச், இலைச் சுவிட்ச் எல்லாம் இரண்டுக்கும் பொது. அன்று அவர் மேசையருகே நின்றது காட்லீப்பின் 'ராயல் ஃப்ளஷ்'. 1976இல் வெளிவந்தது, எட் கிரின்ஸ்கி வடிவமைத்தது, கார்டன் மோரிசன் ஓவியம் வரைந்தது. பலகை நெடுக ராஜா, ராணி, ஜோக்கர் என்று சீட்டு முகங்கள். பந்து பட்டதும் கீழே சாயும் சீட்டு இலக்குகள்தான் ஆட்டத்தின் உயிர். வலது ஃபிளிப்பர் அடித்த பந்து பாதி ஏறி, களைத்து, வந்த வழியே உருண்டது.

வந்திருந்தவர்களில் ஒருவர், "காயில் போயிருக்கும், புதுசு மாத்திடலாமே" என்றார்.

"காயில் அநேகமாகக் கெடுவதில்லை. கெட்டால் வாசனையே சொல்லிவிடும்" என்றார் பெரியவர். "இரண்டு ஃபிளிப்பரும் தளர்வா, ஒன்று மட்டுமா? முதலில் அதைப் பாருங்கள்."

அந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடுகிறது. இரண்டும் தளர்ந்திருந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கும்: டிரான்ஸ்ஃபார்மர், ஃபியூஸ், காலப்போக்கில் துருப்பிடித்துப் பிடி தளர்ந்த ஃபியூஸ் கவ்வி, அல்லது சுவரில் வரும் மின்சாரமே குறைவாக இருப்பது. மின்னழுத்தம் குறைந்த ஊர்களுக்காகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் சில வோல்ட் கூடுதலாகத் தரும் தனி முனையும் உண்டு. கம்பியை அங்கே மாற்றிப் பற்றவைத்தால் எல்லாக் காயில்களும் கொஞ்சம் துள்ளலாக வேலை செய்யும். ஆனால் ஒரு ஃபிளிப்பர் மட்டும் தளர்ந்திருக்கும்போது அந்த முனையை நாடுவது நோயை விட்டுவிட்டு ஊக்கமருந்து கொடுப்பதாகும். இங்கே இடது பக்கம் ஓரளவு நன்றாகவே அடித்தது. ஆகவே வலது பொத்தானிலிருந்து வலது துடுப்பு வரையிலான பாதைதான் தேட வேண்டிய எல்லை.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே அவர் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை உருவி ஓரமாக வைத்து, பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பலகையைத் தூக்கி முட்டுக்கோல் கொடுத்தார். முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. பிளஞ்சரை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பதுதான். நல்ல நிலையில் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், விட்டதும் டக்கென்று திரும்ப வேண்டும். இங்கே சற்று உரசியது. உரசலை விரல் உணர்ந்துவிட்டது என்றால் மின்சாரம் எவ்வளவு நன்றாக வந்தாலும் வலுவில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துபோகும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிப் பிளஞ்சரை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. பல்லாயிரம் முறை நிறுத்தியில் மோதி மோதி அதன் முனை காளான் குடைபோல் விரிந்திருந்தது. விரிந்த ஓரம் ஒவ்வொரு அடியிலும் உறையைச் சுரண்டுகிறது. காயிலின் உள்ளே இருக்கும் அந்த உறையில், அதாவது நைலான் ஸ்லீவில், கருமை படிந்திருந்தது. சிலர் இந்த இடத்தில் எண்ணெய் விடுவார்கள். அது பெரிய தவறு என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எண்ணெய் தூசியை இழுத்துப் பசையாகி முன்னைவிட மோசமாகப் பிடிக்கும். பாயிண்டுகளில் தெறிக்கும் பொறி பட்டால் சில எண்ணெய்கள் தீப்பற்றவும் செய்யும். இரும்பும் நைலானும் உலர்ந்தபடி உரசவே இந்த அமைப்பு செய்யப்பட்டது. புது ஸ்லீவ் ஒன்றின் விலை மிகக் குறைவு. பெரியவர் பிளஞ்சர் முனையை அரத்தால் வட்டமாக ராவி, ஸ்லீவை மாற்றினார்.

மேலே துடுப்புக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பார்த்தார். அச்சைப் பிடித்துத் தூக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கிவிட்டால் துடுப்பு அச்சைத் தாங்கும் புஷ்ஷில் உரசும். அதிகமாக விட்டால் தள்ளாடும். லிங்கின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, நிறுத்தியைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் தொட்டு ஆட்டிப் பார்த்தார். திருகு ஒன்று கால் சுற்று இறங்கியது. நிறுத்தி ஆடினால் அடியின் ஒரு பகுதி பலகையை அதிரவைப்பதில் வீணாகிறது.

பிறகு மின்சாரத்தின் முறை. இங்கே ஒரு தோராயக் கணக்கு உதவும். வலுச்சுற்றின் தடை இரண்டரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். கருகிய பாயிண்டுகளும் விரிசல் விட்ட சால்டரும் சேர்ந்து அரை ஓம் கூட்டிவிட்டால், மின்சாரம் ஆறில் ஒரு பங்கு குறையும். காந்த இழுவிசை மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் விசை சுமார் முப்பது விழுக்காடு சரியும். அரை ஓம் என்பது சாதாரண மல்டிமீட்டரில் சந்தேகமாகத் தெரியும் அளவு. மீட்டரின் முனைக்கம்பிகளுக்கே அவ்வளவு தடை இருக்கும். கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்ல, ஃபிளிப்பர் தளர்ந்தே கிடப்பது இப்படித்தான். காயிலை மாற்றியும் பலனில்லை என்று பலர் குழம்புவதும் இதனால்தான். குற்றவாளி காயிலுக்கு வெளியே, இரண்டு உலோகப் புள்ளிகள் சந்திக்கும் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

பொத்தானின் சுவிட்சில் கருமை இருந்தது. அந்தக் காலத்து ஃபிளிப்பர் பாயிண்டுகள் டங்ஸ்டன். பெரிய மின்சாரத்தைத் தாங்க அவ்வளவு கடினமான உலோகம் தேவை. மெல்லிய அரத்தைப் பாயிண்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தால்தான் கரி போகும். பிற்கால மின்னணு இயந்திரங்களில் சிறு சைகை மட்டும் அனுப்பும் சுவிட்சுகளுக்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். அங்கே அரம் பட்டால் முலாம் போய்ச் சுவிட்சே பாழாகும். எந்தச் சுவிட்ச் எந்தக் காலத்தது என்று தெரியாமல் அரத்தை எடுக்கக் கூடாது.

கடைசியில் ஈஓஎஸ். மற்ற இடங்களில் சிறு சிறு நோய்கள் என்றால் இங்கேதான் பெரிய நோய் இருந்தது. பாயிண்டுகள் நீலமாகக் கருகி, ஒன்று குழி விழுந்து, மூடியிருக்கும்போதும் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. இது சரியாக மூடாவிட்டால் மின்சாரம் மெல்லிய சுற்றின் வழியாகவும் போகத் தொடங்கும். அப்போது ஃபிளிப்பர் அடி கொடுக்கும் நேரத்திலும் தாங்கும் வலுவில்தான் எழும். இலைகள் வளைந்து, வீச்சின் நடுவிலேயே சுவிட்ச் திறந்துவிட்டாலும் இதே கதி. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சுவிட்ச் திறக்கவே இல்லையென்றால் ஃபிளிப்பர் அபாரமாக அடிக்கும், பிறகு காயில் கருகும். வலு கூடிவிட்டது என்று மகிழ்ந்து சுவிட்சை இறுக்கி வளைத்துவிடுபவர்கள் அந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

அரத்தால் தீர்க்கும் நிலையை அந்தப் பாயிண்டுகள் தாண்டியிருந்தன. புதிய சுவிட்சைச் சால்டர் செய்து, இலைகளை வளைக்கும் கருவியால் அவர் சரிப்படுத்தத் தொடங்கினார். ஓய்வில் உறுதியாக மூடியிருக்க வேண்டும். ஃபிளிப்பர் கிட்டத்தட்ட முழுதாக எழுந்த பிறகே திறக்க வேண்டும். திறந்தால் ஓரிரு மில்லிமீட்டராவது விலக வேண்டும். எழுத்தில் மூன்று வரி. கையால் செய்யும்போது பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. ஒரு இலையைத் தொட்டால் மற்றது நகரும். அந்த மனிதர் அவசரப்படவே இல்லை.

இந்தப் பாகங்கள் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. பின்பாலைப் பெற்றெடுத்த சிகாகோவின் பழைய பெரு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. வில்லியம்ஸ் 1999இல் பின்பாலைக் கைவிட்டது. ஆனாலும் ஸ்லீவ், லிங்க், பிளஞ்சர், ஈஓஎஸ் சுவிட்ச் ஆகியவற்றைச் சிறு பட்டறைகள் தொடர்ந்து செய்கின்றன. காரணம், ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஆடாமல் கண்ணாடிக்குள் பூட்டி வைத்த பின்பாலுக்கு ஸ்லீவ் தேவைப்படாது. ஆடப்படும் இயந்திரம் தேய்கிறது; தேய்வதால்தான் பாகம் செய்பவரும் பழுது பார்ப்பவரும் மிஞ்சியிருக்கிறார்கள்.

பெரியவர் பலகையை ஒரேயடியாக இறக்கிவிடவில்லை, கண்ணாடியையும் மாட்டவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் தற்காலிகமாகப் பலகையைச் சாய்த்து வைத்து, மின்சாரம் கொடுத்து, ஒரு பந்தை ஃபிளிப்பரிடம் உருட்டிவிட்டு, எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தார். ஸ்லீவ் மாற்றிய பிறகு கொஞ்சம் ஏறியது. பொத்தான் சுவிட்சுக்குப் பின் இன்னும் சற்று. ஈஓஎஸ் முடிந்ததும் பந்து சீட்டு இலக்குகளைத் தாண்டி உச்சி வளைவில் மோதிச் சத்தமாகத் திரும்பியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எது எவ்வளவு குறைத்திருந்தது என்று தெரியாமலே போயிருக்கும்.

வந்திருந்தவர் பொத்தானருகே நின்று இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்துப் பார்த்தார். காலையில் நன்றாக இருந்ததாகத் தோன்றிய இடது ஃபிளிப்பர் இப்போது சோம்பலாகத் தெரிந்தது. வலதுக்கு ஆன வயதுதான் அதற்கும்; ஒப்பிட ஒரு நல்ல ஃபிளிப்பர் இல்லாததால் அதுவரை தப்பித்திருந்தது.

"இதற்காகத்தான் எப்போதும் ஜோடியாக வாங்குவேன்" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் மின்கம்பியைப் பிடுங்கினார். இன்னொரு ஸ்லீவை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, இடது பிளஞ்சரின் ஸ்பிரிங்கைக் கழற்றக் குனிந்தார்.